குறுவைக் காலத்து எதிர்காற்று

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். துபாய் 2,940. தஞ்சைப் பிள்ளைகள் பிழைக்கப் போகும் இரண்டு திசைகளும் கிட்டத்தட்ட ஒரே தூரம். ‘பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, அப்படியானால் இரண்டுக்கும் பயண நேரம் மாறாதா?’ என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

சுழற்சியால் நேராக எதுவும் மாறாது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி, துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பிந்தி. நான்கு மணிப் பயணம் ஒருபுறம் ஆறரையாகவும் மறுபுறம் இரண்டரையாகவும் தெரிவது அதனால்தான். நேரத்தை உண்மையிலேயே கூட்டிக் குறைப்பது காற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் மேலைக்காற்று அடிக்கும்போது, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிர்த்திசையில் ஒரு காற்று விரைகிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேற, அதற்கு மேலே வெகு உயரத்தில் அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து தெற்கே வழியும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்பிவிட, அது மேற்கு நோக்கிய ஓட்டமாகிறது. வாசகர் சொன்ன சுழற்சி, இப்படிச் சுற்றுவழியாகக் கணக்குக்குள் வந்துவிடுகிறது!

இந்த ஓட்டம் ஒரு பாசன வாய்க்கால் மாதிரி. தென்சீனக் கடல் பக்கம் தலைமடை, மேற்கு ஆப்பிரிக்கா கடைமடை. தென்னிந்தியாவின் மேல் ஓட்டம் உச்சம்: நடுவில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகம். ஓரத்தில் மந்தம். கடைமடைக்குப் போகப்போக வேகம் வடிந்துவிடும். முறைத்தண்ணீர் போலச் சில நாள் வலுக்கும், சில நாள் தளரும். முறை வைக்கத்தான் ஆள் இல்லை. நம் விமானங்கள் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில், வாய்க்காலின் தரையை ஒட்டிப் போகின்றன. முழு வேகம் அவற்றின் மேல் படாது.

கணக்குக்காக எதிர்காற்று 60 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் 850 என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால், சிங்கப்பூர் போக 3 மணி 46 நிமிடம்; திரும்பி வர 3 மணி 16 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டுக்கும் தலா மூன்றரை மணிதான். ஆனாலும் போவதில் இழந்ததை வருவதில் முழுசாக மீட்க முடியாது. எதிர்காற்றுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறோம், பின்காற்றுக்குள் குறைந்த நேரமே இருக்கிறோம். போகவர ஒரு நஷ்டம் எப்போதும் மிஞ்சும்; இந்தக் கணக்கில் அது இரண்டு நிமிடம். எனக்குப் பிடித்த கணக்கு இது.

வரலாறு அதிகம் வேண்டாம். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவர்கள் நாட்களை எண்ணினார்கள். இந்தக் கீழைக்காற்று ஓட்டத்தை 1958-ல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம்.

டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த ஓட்டமும் குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் தென்மேற்குப் பருவமழையும் ஒரே இயந்திரத்தின் மேல்பாதி, கீழ்பாதி. ஓட்டம் வலுத்த ஆண்டுகளில் பெரும்பாலும் பருவமழையும் வலுத்திருக்கிறது. மேட்டூருக்குத் தண்ணீர் வரும் மாதங்கள்தாம் சிங்கப்பூர் விமானத்துக்கு எதிர்காற்று மாதங்களும்.

ஆகவே, இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டியதும் தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்து, நிமிடச் சுத்தமாகப் பயண நேரம் காட்டும் இணையதளங்களை நம்பாதீர்கள். எந்த மாதம் பயணம் என்றே அவை கேட்பதில்லை.