தொல்நிலநடுக்கவியல்

தொல்நிலநடுக்கவியல் என்பது கருவிப் பதிவோ எழுத்துப் பதிவோ இல்லாத காலத்து நிலநடுக்கங்களை, அவை மண்ணிலும் பாறையிலும் விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு ஆராயும் துறையாகும். இது நிலவியலின் ஒரு பிரிவு.

தேவை

நிலநடுக்கமானிகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்து சுமார் 130 ஆண்டுகளே ஆகின்றன. ஒரே இடத்தில் பெரும் நிலநடுக்கம் மீண்டும் நிகழ்வதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். ஆகவே, 'இங்கு நிலநடுக்கம் பதிவாகவில்லை' என்பதற்கு 'இங்கு நிலநடுக்கம் வராது' என்று பொருள் கொள்ளக் கூடாது.

முறைகள்

அகழி வெட்டுதல்: நிலப்பிளவின் குறுக்கே அகழி வெட்டினால் மண் அடுக்குகள் தெரியும். முறிந்துள்ள அடுக்கு நிலநடுக்கத்துக்கு முன்பு படிந்தது. அதன் மேல் முறியாமல் கிடக்கும் அடுக்கு பின்பு படிந்தது. இரண்டிலும் உள்ள கரித்துண்டுகளின் வயதைக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பால் அறிந்தால், நிலநடுக்கம் அவ்விரு காலங்களுக்கு இடையில் நிகழ்ந்தது எனலாம்.

கடலோரப் படிவுகள்: ஆழிப்பேரலை (சுனாமி) கொண்டுவந்த மணல், கரையோரச் சதுப்பு மண்ணில் தனிப் படலமாகத் தங்கிவிடும்.

எடுத்துக்காட்டு: காஸ்கேடியா, 1700

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம், வான்கூவர் தீவு முதல் வடக்குக் கலிபோர்னியா வரை, கடலடித் தட்டு ஒன்று கண்டத்தட்டின் அடியில் அமிழ்ந்துவருகிறது. இங்குப் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்ததாக எழுத்துச் சான்று இல்லை. 1980களில் பிரையன் அட்வாட்டர் என்னும் நிலவியலாளர், வாஷிங்டன் மாநிலக் கழிமுகங்களில் பழைய சதுப்புநிலம் கடற்சேற்றின் அடியில் புதைந்திருப்பதைக் கண்டார். அதன் மேல் மணற்படலமும் இருந்தது. நிலம் திடீரெனத் தாழ்ந்து, ஆழிப்பேரலையும் வந்ததையே இது காட்டியது.

உப்புநீர் புகுந்து பட்டுப்போன செந்தேவதாரு மரங்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. அவற்றின் வேர்களிலுள்ள ஆண்டு வளையங்கள், அம்மரங்கள் 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் இறந்ததைக் காட்டின. ஜப்பானிய ஊர்ப் பதிவுகளிலோ, 1700 சனவரி இறுதியில் நில அதிர்வே உணரப்படாமல் கடல் பொங்கிவந்த செய்தி உள்ளது. பேரலை பசிபிக்கைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, நிலநடுக்கம் 1700 சனவரி 26 இரவு சுமார் 9 மணிக்கு நிகழ்ந்தது என ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர். அதன் அளவு ஏறத்தாழ 9.

பயனும் வரம்பும்

இச்சான்றுகளுக்குப் பின் அப்பகுதியின் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆழிப்பேரலை வெளியேற்ற வழிகளும் குறிக்கப்பட்டன. எனினும், அடுத்த நிலநடுக்கம் நிகழும் நாளை இத்துறையால் கூற இயலாது. அதற்கான வாய்ப்பை மட்டுமே மதிப்பிடலாம்.

தமிழகக் கரையையும் தாக்கிய 2004 ஆழிப்பேரலைக்குப் பின், தாய்லாந்தின் பிரா தோங் தீவில் ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தனர். 2004ஆம் ஆண்டு மணலுக்குக் கீழே, சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தைய மணற்படலம் கிடைத்தது. மனித நினைவில் இல்லாத எச்சரிக்கை மண்ணில் இருந்தது.