ஒரு விலை மாறும்போது

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு விடியற்காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை. அதைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டோரம் பூக்கடை நடத்தும் அக்கா அதைத் தன் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் பார்க்கிறார். கிலோ 800 ரூபாய் 950 ஆகிறது. திரையில் அந்த எண் மட்டும் மாற வேண்டும். வலைப்பக்க நிரல்களை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்குகளை ஒப்பிட இந்தச் சின்ன வேலையே போதும்.

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பில், எண் இருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து மாற்றுவது புரோகிராமரின் பொறுப்பு. அதே விலை பக்கத்தில் மூன்று இடங்களில் இருந்து, ஒன்றை அவர் மறந்துவிட்டால், பக்கம் தப்பு விலை சொல்லும். 2010-இல் வந்த கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும், தான் கண்காணிக்கும் மதிப்புகள் எல்லாவற்றையும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியல் நீண்டால் திணறும்.

2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், ஜோர்டன் வாக் உருவாக்கியது. பக்கத்தின் புது அமைப்பை நினைவகத்தில் ஒரு மரமாகக் கட்டி, பழைய மரத்தோடு ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் பிரவுசரில் திருத்துகிறது. தரவு இப்படி இருந்தால் பக்கம் இப்படி இருக்கும் என்று எழுதினால் போதும். என் பார்வையில் வலைநிரலாக்கத்தையே மாற்றிப்போட்ட யோசனை இது. இவான் யூவின் வியூ (2014), எந்தத் தரவை எந்தப் பகுதி படிக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளும். ரிச் ஹாரிஸின் ஸ்வெல்ட் (2016) ஒப்பிடும் வேலையையே போனில் வைப்பதில்லை. எந்த எண் மாறினால் எதைத் திருத்த வேண்டும் என்ற கட்டளையை, பக்கம் வெளியாகும் முன்பே, நிரலை மாற்றித்தரும் அதன் கம்பைலர் எழுதிவிடுகிறது.

அக்காவின் போனுக்கு இந்த வேறுபாடு முக்கியம். ரியாக்டின் அடிப்படைக் கோப்புகள் சுருக்கிய பிறகும் 40 கிலோபைட்டைத் தாண்டும். இறங்கினால் மட்டும் போதாது. போனின் பிராசஸர் அதைப் படித்து இயக்கவும் வேண்டும். எழுதியவரின் லேப்டாப்பில் இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது. இத்தகைய விலைப் பக்கத்துக்கு நான் ஸ்வெல்ட்டைத்தான் சொல்வேன். ஃபிரேம்வொர்க் இல்லாமல் எழுதினால்கூட நல்லதுதான். பல பேர் சேர்ந்து பல ஆண்டுகள் வளர்க்கும் பெரிய மென்பொருளுக்கு ரியாக்ட் பொருந்தும். அதற்கு ஆள் கிடைப்பதும் எளிது.

ஆயுளையும் பார்க்க வேண்டும். 2016-இல் கூகுள் ஆங்குலரை அடியோடு மாற்றி எழுதியது. பழைய ஆங்குலர்ஜேஎஸுக்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. அதில் கட்டியவர்கள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒரு வழியும் உண்டு. சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் தன் கிரேயான்ஸ் தொகுப்பை எந்த ஃபிரேம்வொர்க்கோடும் கட்டிப்போடவில்லை. அதிலுள்ள பட்டன்களும் படிவப் பெட்டிகளும், பிரவுசர்களுக்கே புரியும் வெப் காம்பொனென்ட்களாக, ஸ்டென்சில் என்ற கருவியால் உருவானவை. ரியாக்டில் எழுதிய பக்கமோ வியூவில் எழுதியதோ, அதே பட்டனை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.