கெராங் எங்கே ஓடும்?

கெராங்கைத் திறக்கும்போது சிவப்பாக ஒரு நீர் கசிகிறதே, அது என்ன தெரியுமா மாணவர்களே? இரத்தம்தான். பெரும்பாலான சிப்பி வகைகளுக்குச் சிவப்பு இரத்தம் கிடையாது. கெராங் போன்ற சிலவற்றுக்கு மட்டும் நமக்கு இருப்பதைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. கோலசிலாங்கூர், ஜெராம் கரைகளில் நீர் வற்றும்போது தெரியும் சேற்றில்தான் அது புதைந்து வாழ்கிறது. அந்தச் சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. கிடைக்கும் கொஞ்சத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்தச் சிவப்பு இரத்தம்.

இவ்வளவு கடினமான இடத்தில் வாழப் பழகிய உயிருக்குக்கூட இன்று சிக்கல் வந்திருக்கிறது. ஏன் என்று புரிய, வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். குளிர்பெட்டியில் வைத்த குழாய் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி மேசையில் வையுங்கள். நீர் மெல்லச் சூடேற, குவளையின் உட்புறத்தில் சிறுசிறு குமிழ்கள் ஒட்டியிருக்கும். நீரில் கரைந்திருந்த காற்றுதான் அப்படி வெளியேறுகிறது. கடலிலும் இதே கதைதான். கடல்நீர் 25 டிகிரி செல்சியஸிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால், அதில் கரையக்கூடிய உயிர்வளி ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்துவிடும்.

மீனுக்கு இது இரட்டை அடி. பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறும். உடல் சூடேறினால் உயிர்வளித் தேவை கூடும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது!

புவி வெப்பமடைவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், உலகக் கடல்களின் மேற்பரப்பு சராசரியாக 0.88 டிகிரி சூடேறிவிட்டது. ஒரு டிகிரிகூட இல்லையே என்று நினைக்காதீர்கள். அது சராசரி மட்டுமே. சில இடங்களில், சில மாதங்களில் ஏற்றம் இதைவிட மிக அதிகம்.

நீந்தத் தெரிந்த மீன் இடம் மாறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முன்பு கேரளம், கர்நாடகக் கரையோரத்தில்தான் மிகுதியாகக் கிடைத்த மத்தி, 1990களுக்குப் பின் இன்னும் வடக்கேயும், தமிழ்நாட்டுக் கரையிலும் கிடைக்கத் தொடங்கியது. நம் கெம்போங் மீனின் இனமான கானாங்கெளுத்தி, மேல்நீரில் திரியும் மீன். அது கடலடியில் இழுக்கும் வலைகளில் முன்பைவிடக் கூடுதலாகச் சிக்குகிறது. மேல்நீர் சூடாவதால் குளிர்ச்சி தேடிக் கீழே இறங்குகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

கெராங் எங்கே ஓடும்? நீர் வற்றினால் வெயில் நேராகச் சேற்றைச் சுடும். பெருமழை பெய்தால் சிலாங்கூர் ஆறு கொண்டுவரும் நன்னீர் கடலின் உப்பைக் குறைத்துவிடும். அப்போது கெராங் ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். மூடிய ஓட்டுக்குள் உண்ணவும் முடியாது, சரியாகச் சுவாசிக்கவும் முடியாது. ஓரிரு நாள் தாங்கும். அதுவே நீடித்தால் செத்துப்போகும். வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்குவதால், பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

மலேசியாவில் 1980இல் 1 லட்சம் டன்னுக்கும் மேல் கெராங் கிடைத்தது. அண்மைய ஆண்டுகளில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போடுவது அறிவியல் ஆகாது. ஆற்றில் கலக்கும் கழிவும், வளர்க்கத் தேவையான கெராங் குஞ்சுகளின் பற்றாக்குறையும் இதில் உண்டு. ஏற்கெனவே நோயாளியாக இருப்பவரைத்தான் வெயில் முதலில் சாய்க்கும்.

ஓட முடியாத இன்னொன்று பாக்காவ் மரம். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்வது அதன் வேர்களுக்கிடையில்தான். கடல்மட்டம் உயரும்போது பாக்காவ் காடு தலைமுறை தலைமுறையாக நிலப்பக்கம் நகர்ந்து பிழைக்கும். தஞ்சோங் காராங் பக்கம் அப்படி நகர வழியில்லை. கடல்நீர் நெல்வயலுக்குள் புகாமல் இருக்க மண்கரை எழுப்பியிருக்கிறார்கள். கரை இல்லாவிட்டால் வயல் போகும்; கரை இருந்தால் காடு நெருக்கப்படும். எளிதான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

மீனவர் நிலைமையும் கிட்டத்தட்ட இப்படித்தான். பாசிர் பெனாம்பாங்கிலோ செகிஞ்சானிலோ சிறுபடகு வைத்திருப்பவர், மீன் 3 கடல் மைல் தள்ளிப் போனால் தானும் போக வேண்டும். போகவர 6 கடல் மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்குக் கூடுதல் எண்ணெய். மீன் கிடைக்காவிட்டாலும் எண்ணெய்க் காசு போனது போனதுதான். தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்ரா சூறைக்காற்று வந்தால், கரையிலிருந்து தள்ளி நிற்கும் சிறுபடகு திரும்பி வர அதிக நேரமாகும். தோட்டத்து வாசலில் நாம் மீன்காரரிடம் விலை பேசும்போது, அந்த விலைக்குள் இந்த எண்ணெயும் இருக்கிறது.

புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் இருப்பவர்களுக்குக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா அதிக தூரமில்லை. அங்கேயும் ஒரு மண்கரை உண்டு. ஒரு பக்கம் பாக்காவ் காடு. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால், சேற்றில் தத்தித் திரியும் பெலாச்சாக் மீனைக் காணலாம். ஈரமான தோலாலும் சுவாசிக்கும் மீன் அது.