படம் போயிற்று, முன்னோட்டம் கிடைத்தது!

உலகப் புகழ் பெற்ற டைரக்டர் ஒருவர் 1929-ம் ஆண்டில் ஒரு படம் எடுத்தார். படத்தின் பெயர் "ஸ்டிராங் பாய்". ஊர் ஊராக ஓடிய அந்தப் படம் இன்று தொலைந்த படங்களின் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் அதன் முன்னோட்டம் மட்டும் கிடைத்துவிட்டது! எங்கே தெரியுமா? படம் பிறந்த அமெரிக்காவில் அல்ல. கடல் கடந்து, நியூசிலாந்தில்!

யார் அந்த டைரக்டர்?

அவர் பெயர் ஜான் போர்டு. 1894-ல் பிறந்தவர், 1973-ல் காலமானார். சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசை 4 முறை வாங்கியவர். அந்தச் சாதனையை இதுவரை எவரும் முறியடிக்கவில்லை. "ஸ்டேஜ்கோச்" (1939) என்ற குதிரை வீரர் படத்தின் மூலம் ஜான் வெயினைப் பெரிய நட்சத்திரமாக்கியவரும் இவர்தான்.

போர்டு 1917-ம் ஆண்டிலேயே டைரக்டராகிவிட்டார். ஊமைப் படக் காலத்தில் மட்டும் சுமார் 60 படங்கள் எடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை.

தீயில் போன செல்வம்

ஏன் இல்லை? அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது! எரியத் தேவையான பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது.

1937 ஜூலை 9. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து லிட்டில் பெரி என்ற ஊர். அங்கே பாக்ஸ் கம்பெனியின் பிலிம் கிடங்கு இருந்தது. கடும் வெயில் காலம். கிடங்கில் தானாகத் தீ மூண்டது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிம் சுருள்கள் எரிந்தன. பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் தீக்காயத்தால் இறந்தான்.

பாக்ஸ் கம்பெனி எடுத்த ஊமைப் படங்களில் பெரும் பகுதி அன்று சாம்பலாயிற்று. போர்டு பல ஆண்டுகள் வேலை பார்த்த கம்பெனி அதுதான்!

அதற்கு முன் அவர் வேலை பார்த்தது யூனிவர்சல் கம்பெனியில். அந்தக் கம்பெனியோ 1948-ல் தன்னிடம் மிஞ்சியிருந்த ஊமைப் படங்களைத் தானே அழித்துவிட்டது. பேசும் படம் வந்த பிறகு ஊமைப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு!

கடைசி ஊர் நியூசிலாந்து

அந்த நாளில் ஒரு படப் பெட்டி கப்பல் ஏறி நாடு நாடாகச் சுற்றும். கடைசியாகப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று நியூசிலாந்து. அதற்குள் படம் பழசாகிவிடும். திருப்பி அனுப்பினால் கப்பல் கூலி நஷ்டம். "அழித்துவிடுங்கள்" என்பார்கள்.

ஆனால் எல்லோரும் அழிக்கவில்லை. படத்தின் மேல் ஆசை கொண்ட சிலர் பெட்டிகளை வீட்டில் பத்திரப்படுத்தினார்கள். பிற்காலத்தில் அவை வெலிங்டன் நகரிலுள்ள திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன.

விடுமுறையில் விழுந்த புதையல்

2009-ம் ஆண்டில் அமெரிக்க ஆஸ்கார் கழகக் காப்பகத்தைச் சேர்ந்த ஒருவர் விடுமுறைக்கு நியூசிலாந்து போனார். போன இடத்தில் வெலிங்டன் காப்பகத்தையும் எட்டிப் பார்த்தார். "உங்களிடம் அமெரிக்கப் படங்கள் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் கதவைத் திறந்தது.

நிபுணர்கள் வந்து பெட்டி பெட்டியாகச் சோதித்தார்கள். 75 படங்களைக் காப்பாற்றப் போவதாக 2010-ல் அறிவிப்பு வந்தது. அவற்றில் போர்டின் "அப்ஸ்டிரீம்" (1927) முழுப்படமே இருந்தது! கூடவே "ஸ்டிராங் பாய்" முன்னோட்டமும் இருந்தது.

"அப்ஸ்டிரீம்" புதுப்பிக்கப்பட்டு, 2010 செப்டம்பரில் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. முன்னோட்டமும் 2013-ல் அதனுடன் சேர்ந்து டிவிடியாக வெளிவந்தது.

துண்டுக்கு இவ்வளவு மதிப்பா?

முன்னோட்டம் என்பது விளம்பரத் துண்டு. படம் வந்ததும் அதன் வேலை முடிந்தது. அதைச் சேர்த்து வைக்க யாருக்கும் தோன்றாது. அதனால்தான் பழைய முன்னோட்டங்கள் கிடைப்பது அரிது.

ஆனால் முழுப்படம் தொலைந்துவிட்டால் அந்தத் துண்டுதான் சாட்சி! "ஸ்டிராங் பாய்" கதாநாயகன் ரயில் நிலையத்தில் சாமான் தூக்குகிறவன். அந்த வேடத்தில் நடித்தவர் விக்டர் மக்லாக்லன். பின்னால், 1935-ல் போர்டு எடுத்த "தி இன்பார்மர்" படத்துக்காக ஆஸ்கார் பரிசு வாங்கியவர். "ஸ்டிராங் பாய்" படத்தில் அவரைப் போர்டு எப்படி நடிக்க வைத்தார், காட்சியை எப்படி அமைத்தார் என்று கண்ணால் காண அந்தத் துண்டு ஒன்றுதான் உதவுகிறது.

பரணில் பழைய பிலிம் டப்பா கிடந்தால் குப்பை என்று எறிய வேண்டாம். நெருப்பின் அருகேயும் கொண்டு போக வேண்டாம். விவரம் தெரிந்த காப்பகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். தொலைந்து போன ஒரு படத்தின் மிச்சம் அந்த டப்பாவுக்குள் இருக்கலாம்!