குழந்தையின் தட்டில் காய்கறி

'கறி' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் மிளகைக் குறிக்கும். ஈழத்தமிழர் இன்றும் காய்கறியை 'மரக்கறி' என்றே வழங்குவர். நம் இல்லங்களிலோ கறி என்றால் இறைச்சி ஒன்றுதான். சொல் பொருள் மாறுவது மொழிக்கு இயல்பு. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இறைச்சி வாங்காத நாளில், "இன்று என்ன ஆணம்?" என்று கேட்கும் குழந்தைக்கு நாம் கூறும் விடையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். "இன்று வெறும் காய்தான்" என்கிறோம். அந்த 'வெறும்' என்னும் அடைமொழியைக் கேட்டு வளரும் பிள்ளை, கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பதில் வியப்பென்ன?

இது நாவின் சுவை பற்றிய சிறு செய்தியன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. கீரையும் காயும் போதிய அளவு உண்ணாமை அவற்றுள் ஒன்று. இரண்டு முதல் ஐந்து அகவை வரை நாள்தோறும் 250 கிராமும், ஆறு முதல் ஒன்பது வரை 350 கிராமும் காய்கனிகள் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. நம் பிள்ளைகளின் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதை அவரவர் இல்லத்திலேயே அளந்து பார்க்கலாம்.

குழந்தை காயை மறுப்பதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணம் என்று நினைப்பது தவறு. கசப்பைக் குழந்தையின் நா பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறது. இரண்டு அகவையிலிருந்து ஏறத்தாழ ஆறு அகவை வரை, பழகாத உணவைக் கண்டு அஞ்சுவதும் இயற்கையே. ஒரு காயைப் பத்து முதல் பதினைந்து முறை, வற்புறுத்தாமல், சிறிது சிறிதாகச் சுவைக்கக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் ஏற்றுக்கொள்கின்றனர் என்று ஆய்வாளர் கூறுவர். நாமோ இரண்டாம் முறையிலேயே, "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

எம் இளைய மகள் ஆறு அகவை வரை கத்தரிக்காயைத் தொட்டதில்லை. அதன் வழவழப்பும் நாவில் ஏறும் துவர்ப்புமே அவளுக்கு ஆகாதவை என்பதை நாம் மெல்லத்தான் உணர்ந்தோம். சேத்தியாத்தோப்பிலிருந்து கிழக்கே புவனகிரி வழியாகப் பேருந்தில் சென்றால் சிதம்பரம். அவ்வூர்க் கொத்சு புகழ் பெற்றது. நடராசர் கோயில் படையலில் சம்பா சாதத்துடன் இடம்பெறும் கொத்சு, அவ்வூர் உணவகங்களில் இட்டலிக்கும் துணையாகிறது. அதைத் தொட்டு நான்கு இட்டலி உண்டு முடித்த பிறகுதான், தான் உண்டது கத்தரிக்காய் என்பதை மகள் அறிந்தாள்.

அதன் செய்முறை எளியது. கால் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காயை நறுக்கியவுடன் உப்பு நீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லையேல் கறுக்கும். கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல் மூன்றையும் வறுத்துப் பொடிக்க வேண்டும். குழந்தைகளுக்கென்றால் மிளகாய் இரண்டு போதும். நல்லெண்ணெயில் கடுகு தாளித்துக் காயை நன்கு குழைய வதக்கி, நீர்க்கக் கரைத்த புளியை ஊற்றி, பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிட்டு, மத்தினால் மசித்துப் பொடியைத் தூவி இறக்கலாம். மசித்தலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வழவழப்பு மறைகிறது, எண்ணெயும் புளியும் துவர்ப்பை அடக்குகின்றன. பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றையும் இவ்வாறு செய்து பார்த்தோம். சுரைக்காய் தோற்றது, நீர் விட்டுக்கொண்டு சுவை கெட்டது.

நம் விருந்துகளில் நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் துணையாக வரும் தாளிச்சாவும் இவ்வகையினதே. பருப்பில் கத்தரி, மாங்காய், வாழைக்காய், முருங்கை என எத்தனை காய்கள்! எலும்பின் சுவை ஏறிய அந்தக் காயை வேண்டாம் என்ற பிள்ளையை நாம் கண்டதில்லை. எலும்பில்லாத நாளிலும் அதே பருப்பு, அதே மாங்காய்ப் புளிப்பு, அதே தாளிப்பு இருந்தால் முக்கால் பங்கு சுவை நிற்கும்.

கீரை பற்றியும் ஒரு சொல். முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து அடை மாவில் கலந்தால் பிள்ளைகள் பிரித்தெடுக்க இயலாது. கீரையின் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் கூடுதலாகச் சேரும். உண்டவுடன் தேநீர் கொடுத்தால் அது குறையும். கேரட்டிலும் பூசணியிலும் உள்ள கரோட்டின் உடலில் சேரச் சிறிது எண்ணெய் தேவை. எனவே எண்ணெயே இன்றி வேகவைத்துக் கொடுப்பது ஆரோக்கியம் என்ற எண்ணம் பாதி உண்மைதான்.

இல்லத்துக்கு வெளியே பிள்ளைகள் உண்ணும் பெரிய அடுக்களை பள்ளிச் சத்துணவுக்கூடம். காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டமாகத் தொடங்கியது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 சூலையில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம் காய்கறி என்பது மைய அரசின் அளவுமுறை. நெடுங்காலம் சோறும் சாம்பாருமாகவே இருந்த இத்திட்டத்தில் 2013இல் காய்கறிப் பிரியாணி, கொண்டைக்கடலைப் புலவு, தக்காளி சாதம், கீரை சாதம் முதலிய கலவை உணவுகள் சோதனை முறையில் புகுந்து, பின்னர் மாநிலமெங்கும் பரவின. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் உப்புமாவுடனும் பொங்கலுடனும் காய்கறிச் சாம்பார் சேர்க்கப்பட்டது.

சிற்றூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் உண்பதை ஒருமுறை அருகிருந்து கண்டோம். சாம்பாரில் கிடந்த பெரிய பூசணித் துண்டுகள் தட்டின் விளிம்பில் வரிசையாக அமர்ந்திருந்தன. மற்றொரு நாள் கிச்சடி. பொடியாக அரிந்த கேரட்டும் பீன்சும் அப்படியே வயிற்றுக்குள் சென்றன. காய் ஒன்று, செலவு ஒன்று; வேறுபாடு அரிவாள்மணையில்தான். பல பிள்ளைகளுக்கு நாலைந்து வகைக் காயை அத்துணைப் பொடியாக அரிய எவ்வளவு நேரமாகும் என்பதை, அங்குச் சமைக்கும் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். ஊர்ப் பெரியவர்களும் முன்னாள் மாணவரும் பள்ளிக்குச் சுவர்க்கடிகாரம் வழங்குவது வழக்கம். அடுத்த முறை காய் நறுக்கும் கருவி ஒன்றை வழங்கலாம்.

இல்லத்திலோ கருவி தேவையில்லை. அத்தா முதலில் காயை எடுத்துத் தம் தட்டில் போட்டு உண்ண வேண்டும். இதைச் சொல்லும் நமக்கே பல நாள் பீர்க்கங்காய் இறங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். விருத்தாசலத்தில் வாங்கிய சிறு பீங்கான் கிண்ணத்தில் மகளுக்கெனக் காயைத் தனியே வைக்கிறோம். தன் கிண்ணம் என்பதால் மிச்சம் வைப்பதில்லை. பாகற்காய் மட்டும் இன்னும் வெல்லவில்லை. வெல்லம் சேர்த்தும், மொறுமொறுப்பாக வறுத்தும் ஏழு முறை வைத்தாயிற்று. எட்டாம் முறைக்கு நாள் பார்த்திருக்கிறோம்.