கால் அங்குலம் விடுங்கள்!

அமெரிக்க மரச்சட்ட வீடுகளில் உட்சுவர் என்பது பெரும்பாலும் டிரைவால்தான். நடுவே ஜிப்சம், இருபுறமும் காகிதம், பொதுவாக அரை அங்குல கனம். இந்தப் பலகை குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தால் போச்சு! விளக்குத்திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஜிப்சம் ஊறி உதிரும்.

ஆகவே விளிம்புக்கு மேலே கால் அங்குலம் இடைவெளி விடுவார்கள். அதைப் பட்டி வைத்து அடைக்கக் கூடாது; ஈரம் பட்டால் இளகிவிடும். சிலிக்கான்தான் சரி. அதையும் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிட்டுப் பூச வேண்டும், காயும்வரை திறந்துவிடக் கூடாது. ஏன்? ஃபைபர் கிளாஸ் தொட்டி பாரத்தில் சற்றே இறங்கும். காலித் தொட்டியில் பூசினால், ஆள் இறங்கியதும் பூச்சு பிய்த்துக்கொள்ளும்.

அசையும் இணைப்பை விறைப்பான பூச்சால் அடைக்காதே: சிவில்காரன் எந்த ஊரிலும் மறக்கக் கூடாத பாடம் இது!