ஏலத்தில் வீடு எடுக்கிறீர்களா? முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்!

திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு மாடிக் குடியிருப்பு. குடிசை மாற்று வாரியம் 1993-ம் ஆண்டு கட்டியது. 2021 டிசம்பர் 26-ந் தேதி இரவு, அதன் சுவரில் விரிசல் கண்டது. குடியிருந்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் காலை, குழந்தை குட்டிகளோடு வெளியே வந்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது என்ன?

24 வீடுகள் மடமடவென்று சரிந்தன! ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சுவர் எச்சரித்தது. மக்கள் அதைக் கவனித்தார்கள்!

அது ஏலத்துக்கு வந்த வீடு அல்ல. ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வீடு வாங்கும் எல்லோருக்கும் அதில் பாடம் இருக்கிறது. முக்கியமாக, பாங்கி ஏலத்தில் வாங்குவோருக்கு.

கட்டிய பணம் போகும்!

கடன் வாங்கியவர் தவணை கட்டத் தவறினால், அடமான வீட்டைப் பாங்கி ஏலம் விடலாம். 'சர்பாசி' எனப்படும் 2002-ம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. சில சமயம் வெளி விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். அதனால்தான் பலருக்கும் ஆசை!

ஆனால் ஏல நோட்டீசில் ஒரு நிபந்தனை இருக்கும். 'எங்கே எப்படி இருக்கிறதோ, அங்கே அப்படியே' என்பது அதன் பொருள். ஓட்டையோ, உடைசலோ, அது இனி உங்கள் பாடு!

ஏலத்தில் ஜெயித்தால், அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம் கட்ட வேண்டும். முன்பணமும் இதில் சேர்த்திதான். ஏலம் உறுதியான 15 நாளில் மீதி 75 சதவீதம். பாங்கி எழுத்து மூலம் சம்மதித்தால் கெடு நீளும். அதுவும் 3 மாதத்துக்கு மேல் போகாது.

கட்டாவிட்டால்?

ஒருவர் சென்ட்ரல் பாங்கி ஏலத்தில் ஒரு சொத்தை 12 கோடியே 27 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். 3 கோடிக்கு மேல் கட்டினார். மீதியைக் கட்ட முடியவில்லை. வழக்கு சென்னை ஐகோர்ட்டு வழியாகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பாங்கி பறிமுதல் செய்தது சரியே!

3 கோடியானாலும் 3 லட்சமானாலும் விதி ஒன்றுதான். ஆகவே வீட்டைப் பார்த்த பிறகே விலை கேளுங்கள். முதல் தடவை ஏலம் விடும்போது, நோட்டீசுக்கும் ஏலத்துக்கும் இடையே 30 நாள் இருக்க வேண்டும். அந்த 30 நாள்தான் உங்கள் நாள்!

உப்புக் காற்றின் வேலை

இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தனி எதிரி உண்டு. கடல் காற்று! அதில் வரும் உப்பு, கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்குகிறது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. வெளியே புதுச் சுண்ணாம்பு. உள்ளே செல்லரித்த கதை!

அண்ணாந்து தளத்தின் அடியைப் பாருங்கள். கம்பி போகும் வழியே விரிசல் ஓடுகிறதா? பழுப்புக் கறை கசிகிறதா? சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே விட்டுப் போயிருக்கிறது.

வீடு முழுவதும் பழசாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் புதுப் பூச்சா? அங்கே உஷார்! சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலா? அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம்.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது!

உங்கள் கண் மட்டும் போதாது. கட்டட எஞ்சினீயர் ஒருவரை அழைத்துப் போங்கள். கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்க அவரிடம் கருவி இருக்கும். அவருக்குக் கொடுக்கும் கூலி, 25 சதவீதத்துக்கு முன் கடுகளவு!

உள்ளே யார்?

வீட்டைப் பார்வையிடும் நாளை நோட்டீசில் பாருங்கள். இல்லாவிட்டால் பாங்கி அதிகாரியைக் கேளுங்கள். வீடு உண்மையிலேயே பாங்கியின் கையில் இருக்கிறதா? அல்லது காகிதத்தில் மட்டும் சுவாதீனமா? காகிதத்தில் மட்டும் என்றால், பழைய குடும்பம் உள்ளேயே இருக்கலாம். பணம் கட்டிய பிறகும் வீடு கைக்கு வர நாளாகும்.

அவர்கள் வீட்டை இழந்து மனம் நொந்திருப்பவர்கள். கடிந்து பேசாதீர்கள். அன்பாகக் கேட்டுப் பாருங்கள். எந்த மூலை ஒழுகும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி, மின்சாரக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

எவ்வளவு கேட்டும் உள்ளே போய்ப் பார்க்க விடவில்லையா? அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள். வேறு வீடு வரும். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் போனால் வராது!

கிராமத் தெரு மக்கள் விரிசலைப் பார்த்தார்கள், பிழைத்தார்கள். நீங்களும் பாருங்கள். பார்த்த பிறகு ஏலம் கேளுங்கள்!